தோண்டுவதற்கு முன் மடைக்கல்லைப் பாருங்கள்

சென்ற மாதம் சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கு, அதாவது பாசன ஏரிக்கு, போய்வந்தேன். அழைத்தவர் இருபத்து நான்கு வயதுத் தம்பி. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் பணம் திரட்டி, இரண்டு பொக்லைன் வைத்து, பதினெட்டு நாள் வெயிலில் நின்று வேலை வாங்கியவர். ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பியது. ஊரே கிடா வெட்டிக் கொண்டாடியது. தை பிறந்தபோது, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நடுவில் தோண்டிய பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தேங்கிக் கிடந்தது. அதில் இறங்கிய இரண்டு மாடுகள் ஏற முடியாமல் செத்திருந்தன. "நல்லதுதானே சார் செய்தோம்?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த ஓர் ஆண்டில் நான் பார்க்கும் நான்காவது கண்மாய் இது.

நீர்நிலைப் பொறியாளனாக எங்கே போனாலும் ஒரே பேச்சைத்தான் கேட்கிறேன்: "ஆழமாகத் தோண்டினால் அதிகத் தண்ணீர் நிற்கும்." தம்பிகளே, தங்கைகளே, கண்மாய் என்பது கிணறு இல்லை. கரையோரம் சற்றே ஆழமாகவும் கரைக்கு எதிர்ப்புறமான உள்வாயை நோக்கி மேடேறியும் போகும் பெரிய தாம்பாளம் அது. தண்ணீர் தானாகவே சரிந்து மடை வழியாக வயலுக்குப் போக வேண்டும் என்பதற்காகவே முன்னோர் அப்படி அமைத்தார்கள். மடையின் அடிக்கல் எந்த மட்டத்தில் இருக்கிறதோ, அதற்குக் கீழே நிற்கும் தண்ணீர் மோட்டார் வைக்காமல் ஒரு வயலுக்கும் போகாது. பத்தடி கூடுதலாகத் தோண்டினாலும் பாசனக் கணக்கில் அது சுழியம்தான். மீன் வளரும், மாடு குடிக்கும் என்பார்கள். அதற்கு ஓர் ஓரத்தில் சரிவாக ஒரு குட்டை வெட்டினால் போதுமே!

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. கண்மாயின் அடியில் படிந்து இறுகிய களிதான் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறது. மேலே இருக்கும் வண்டலை அள்ளலாம், அள்ளவும் வேண்டும். கோடைதோறும் மாட்டுவண்டியில் வண்டலை ஏற்றி வயலுக்கு அடித்தது நம் ஊர் வழக்கம். பொக்லைன் வாளிக்கு வண்டல் எது, களி எது என்று தெரியாது. களியைப் பிய்த்துச் சரளையையோ மணலையோ தொட்டுவிட்டால் தண்ணீர் கீழே இறங்கிப் போய்விடும். அந்தச் சிவகங்கைக் கண்மாயில் பள்ளத்தின் சுவரில் வெள்ளை மணல் கோடாகத் தெரிந்தது.

கண்மாய்க்குள் நின்று தண்ணீரைத் திறந்துவிடும் பழைய கல் அமைப்புகளான குமிழித் தூம்புகளைப் பாருங்கள். மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. தண்ணீரோடு சேறும் சிறிது சிறிதாக வெளியேறும்படி கல்லிலேயே வழி செய்திருக்கிறார்கள். அந்தக் கல்லைப் பெயர்த்தெடுத்துக் கரையில் போட்டுவிட்டு வேலை நடப்பதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இளைஞர்களால் முடியாது என்று நான் சொல்லவில்லை. 2018-இல் கஜா புயல் புரட்டிப் போட்ட பேராவூரணியில், மறு ஆண்டே இளைஞர்கள் கூடிப் பெரிய குளத்தைத் தூர்வாரியதை நாடே பார்த்தது. அந்த உழைப்புக்கு முன்னால் என்னைப் போன்றவர்கள் கைகட்டி நிற்க வேண்டும். உங்கள் உழைப்பு வீணாகக் கூடாதே என்றுதான் இவ்வளவு கோபம்.

முதல் ரூபாயை வரத்துக்காலில் செலவழியுங்கள். தண்ணீர் வரும் வழி அடைபட்டுக் கிடக்கக் கண்மாயை மட்டும் தோண்டி என்ன பயன்? கரையின் அடியை ஒட்டி ஒரு வாளி மண்கூட எடுக்காதீர்கள். முழுக் கொள்ளளவில் கரை சரிந்தால் ஊர் போய்விடும். நிரம்பியதும் மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்கை மணல் மூட்டையால் உயர்த்தாதீர்கள். உங்கள் கலுங்கில் வழிவதுதான் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. சீமைக் கருவேலத்தை வேரோடு எடுங்கள், ஆனால் நாட்டுக் கருவேலத்தைத் தொடாதீர்கள். அது பறவைகளின் வீடு. வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. அதே சிவகங்கை மாவட்டத்திலேயே கூடுள்ள மரத்தை ஒரு குழு வெட்டிச் சாய்த்ததைப் பார்த்தபோது பேச்சு வரவில்லை.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். வாங்கும்போதே மட்டம் பார்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். லெவல் கருவி இருந்தால் அரை நாள் வேலைதான். மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிய பழைய நீர்பாய்ச்சி யாராவது ஊரில் உயிரோடு இருந்தால் அவரைக் கைத்தாங்கலாகவாவது கரைக்கு அழைத்துப் போங்கள். களி எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்பது அவர் காலுக்குத் தெரியும்.

நேற்று இன்னொரு தங்கை அழைத்தார். திங்கட்கிழமை பொக்லைன் வருகிறதாம். மடைக்கல் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். சற்று நேரம் அமைதி. பிறகு, "மடை மண்ணுக்குள் இருக்கிறது சார், எங்கே என்று தாத்தாவிடம் கேட்கிறேன்" என்றார். ஞாயிறு காலை அந்தத் தாத்தாவைப் பார்க்கப் போகிறேன்.