செந்நரிக்கு எந்தத் தோட்டா? காற்று போடும் கணக்கு

மலேசியாவில் வேட்டைத் துப்பாக்கி என்றால் நம் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது, செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கு எடுக்கும் 12 போர் ஷாட்கன்தான். மரவரிசைகளுக்குள் 40 மீட்டரைத் தாண்டிச் சுட வேண்டிய தேவை அநேகமாக வராது. அதே அனுபவத்தோடு கோலாலம்பூரில் விமானம் ஏறி, மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் உறவினருக்கு நரிக் கட்டுப்பாட்டில் உதவப் போனால் தடுமாற்றம்தான். அங்கே வெட்டவெளி; செந்நரி 150, 200 மீட்டரில் நின்று பார்க்கும்; குறுக்கே காற்று வீசும். அதனால் அங்கே ரைபிள் வேண்டும், உரிய லைசன்சும் நில உரிமையாளரின் அனுமதியும் வேண்டும்.

தோட்டா தேர்வில் பலரும் முதலில் கேட்பது, எது பலமானது என்று. முதலில் கேட்க வேண்டியது இலக்கின் அளவை. செந்நரியின் எடை பெரும்பாலும் 4 முதல் 8 கிலோ. இதயமும் நுரையீரலும் அடங்கிய நெஞ்சுப் பகுதி ஏறக்குறைய 10 செ.மீ. அகலம்தான். அதில் பட்டால் உடனே சாகும். தவறினால் காயத்தோடு புதருக்குள் ஓடிக் கிடந்து வதைபடும். ஆகவே குண்டு எவ்வளவு தூரத்தில் அந்த 10 செ.மீ.யை விட்டு விலகுகிறது என்பதே தேர்வின் அடிப்படை.

விலகலுக்குப் பெரிய காரணம் காற்று. குண்டு பறக்கும் நேரம் முழுவதும் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகிறது என்று நினைப்பது தவறு. காற்றுத் தடையால் குண்டு எவ்வளவு நேரம் தாமதமாகிறதோ, அந்தத் தாமதத்தைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். .223 ரெமிங்டன் என்ற தோட்டா வகையை எடுத்துக்கொள்வோம். 55 கிரெய்ன், அதாவது 3.56 கிராம் குண்டு விநாடிக்குச் சுமார் 988 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறும். தடையே இல்லாவிட்டால் 200 மீட்டரை 0.202 விநாடியில் கடந்துவிடும். தடை இருப்பதால் சுமார் 0.233 விநாடி ஆகிறது. தாமதம் 0.031 விநாடி. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 4.5 மீட்டரில், குறுக்குக் காற்று வீசினால் விலகல் சுமார் 14 செ.மீ. நெஞ்சின் நடுவைக் குறிவைத்தாலும் குண்டு அதற்கு வெளியே போய்விடும்.

அப்படியானால் இன்னும் வேகமான .22-250 ரெமிங்டனுக்குப் போகலாமா? அதே 55 கிரெய்ன் குண்டை அது விநாடிக்கு 1,120 மீட்டரில் அனுப்புகிறது. இதே கணக்கில் விலகல் 11 செ.மீ. ஆகிறது. மூன்றே செ.மீ. லாபத்துக்கு ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் மருந்து எரிகிறது. குழலில் தோட்டா உட்காரும் அறைப் பக்கம் சீக்கிரம் தேய்கிறது. உதைப்பும் சத்தமும் கூடுகின்றன. மாறாக, .223இலேயே நீளமும் எடையும் கூடிய 75 கிரெய்ன் குண்டைப் போட்டால் வேகம் 830 மீட்டராக இறங்கும், ஆனால் விலகல் 9 செ.மீ. அளவில் நிற்கும். மெலிந்து நீண்ட வடிவம் காற்றைச் சுலபமாகக் கிழிப்பதால் தாமதம் குறைகிறது. காற்றை வெல்வதில் வேகத்தைவிட வடிவத்துக்கே பங்கு அதிகம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நீளமான குண்டு தலைகுப்புறாமல் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். அந்தச் சுழற்சியைத் தருவது குழலுக்குள் திருகுபோல் ஓடும் பள்ளங்கள். அவை 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரும் பழைய .223 குழல் 55 கிரெய்னோடு நின்றுவிடும். 75 கிரெய்னுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று தேவை. பொருந்தாத குழலில் சுட்டால் காகித இலக்கில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகச் சாவித்துளை போன்ற நீள ஓட்டை விழும். அதைப் பார்த்தால் அந்தக் குண்டை வேட்டைக்கு எடுக்கவே கூடாது.

குண்டின் கட்டமைப்பும் இதே அளவு முக்கியம். போட்டிக்கான குண்டுகள் இலக்கில் ஒன்றையொன்று நெருங்கிப் படும், ஆனால் உடலுக்குள் விரிவது நிச்சயமில்லை. முழு உலோக உறைக் குண்டு ஊசிபோல் துளைத்துக்கொண்டு போகும். கல்லில் பட்டால் தெறிக்கும். நரிக்கு மெல்லிய உறையும் பிளாஸ்டிக் முனையும் கொண்ட குண்டுதான் சரி. நெஞ்சுக்குள் உடைந்து சக்தியை அங்கேயே விட்டுவிடும். அதே குண்டை 15 கிலோவுக்கு மேலான காட்டு நாயின் தோளெலும்பில் அடித்தால் மேலேயே சிதறி, சதைக்காயத்தோடு விலங்கு தப்பிவிடும். அங்கே உறை தடித்த 60 முதல் 70 கிரெய்ன் குண்டு, அல்லது இன்னும் பெரிய தோட்டாவான .243 வின்செஸ்டர். .243இல் உதைப்பு கூடுவதால் குண்டு பட்ட இடத்தைத் தொலைநோக்கியில் பார்ப்பது கடினம். புதியவருக்கு அது பெரிய இழப்பு.

வீட்டுக் கொட்டகை அருகே 100 மீட்டருக்குள் என்றால் .17 எச்எம்ஆர் என்ற சிறிய தோட்டா போதும். அதன் 17 கிரெய்ன் குண்டு 150 மீட்டரிலேயே அதே காற்றில் 24 செ.மீ. விலகிவிடும், அதனால் வெட்டவெளிக்கு ஆகாது. எங்கள் முடிவு: பெரும்பாலான பண்ணைகளுக்கு .223தான்.

பெட்டியில் 5.56 (ராணுவத் தோட்டா வகை) என்று போட்டிருந்தால் .223 அறையில் போடாதீர்கள். வெளித்தோற்றம் ஒன்றானாலும் அறையின் முன்பகுதி வேறு. அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

.223ஐ 200 மீட்டரில் ஜீரோ வைத்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாக இருக்கும்படி தொலைநோக்கியைச் சரிசெய்தால், 100 மீட்டரில் 4, 5 செ.மீ. மேலேயும் 300 மீட்டரில் சுமார் 25 செ.மீ. கீழேயும் படும். பின்னால் மண்மேடு இல்லாமல் தொடுவான விளிம்பில் நிற்கும் நரியைச் சுடக்கூடாது. தவறிய குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். தோட்டாப் பெட்டியை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் மருந்து சூடேறி வேகமும் அழுத்தமும் மாறும், ஜீரோவும் நகரும். பெட்டியின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறினாலும் மூன்று தோட்டா சுட்டு மறுபடி சரிபார்க்க வேண்டும். திரும்பும் நாளில் சட்டைப் பையையும் பையின் அடித்தட்டையும் கொட்டிப் பாருங்கள்: லைசன்ஸ் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.