கயிறு தளர்ந்த மூட்டு

பாம்பன் கரையில் பிள்ளைகள் விளையாடும்போது பார்த்திருப்பீர்கள். ஒருத்தி கட்டைவிரலை மடக்கி முன்கையோடு ஒட்டிக் காட்டுவாள்; மற்றவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதே பெண் ராத்திரி "முட்டி வலிக்குதும்மா" என்றால், "ஆட்டம் போட்டா வலிக்கத்தான் செய்யும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். அவள் பொய் சொல்லவில்லை.

எலும்போடு எலும்பைக் கட்டிவைப்பது ஜவ்வு. அதற்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் கட்டு இளக்கமாக அமைந்துவிடுகிறது. நங்கூரக் கயிறு தொய்ந்து கிடக்கும் வல்லத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அலைக்கு அது அலையாமல் இருக்க, ஓர் ஆள் கம்பு ஊன்றியபடியே நிற்க வேண்டும். உடம்பில் அந்த ஆள் தசை. பொழுதுக்கும் ஊன்றி நிற்பதால்தான் இத்தனை அசதி. மூட்டு எந்த வாக்கில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் இவர்களில் பலருக்கு மந்தம். மணலில் கால் அடிக்கடி பிசகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மருத்துவர்கள் இதை பெய்டன் அளவுகோலால் பார்க்கிறார்கள். மொத்தம் 9 மதிப்பெண். சுண்டுவிரல், கட்டைவிரல், முழங்கை, முழங்கால் நான்கும் இரண்டு பக்கமும் எவ்வளவு வளைகின்றன என்பதற்கு 8. முட்டி மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தால் 1. பெரியவர்களுக்கு 5 வந்தால் தளர்மூட்டு எனலாம். சின்னப் பிள்ளைகள் இயல்பாகவே வளைவார்கள், அவர்களுக்கு 6 வேண்டும். வலி இல்லையென்றால் சிகிச்சையும் தேவையில்லை. ஆனால் தோள்மூட்டு திரும்பத் திரும்ப நழுவினாலோ, தோல் ரப்பர் போல இழுபட்டாலோ, எழுந்து நின்றதும் படபடத்துத் தலை சுற்றினாலோ மருத்துவரைப் பாருங்கள். எலர்ஸ்-டான்லோஸ் என்ற நோய்த்தொகுதியாக இருக்கலாம்; மூட்டு, தோல் இவற்றின் கட்டு பிறவியிலேயே பலவீனமாக இருக்கும் நோய் அது. அதில் பத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அதிகம் காணப்படும் தளர்மூட்டு வகையை உறுதிசெய்ய இன்னும் ரத்தப் பரிசோதனை கிடையாது.

சரி, வலிக்கு என்ன செய்வது? சுளுக்கு என்று இழுத்துவிடுவதுதான் நம் பக்கத்து வழக்கம். தளர்ந்த ஜவ்வை மேலும் இழுக்காதீர்கள்! தசைக்கு வலு ஏற்றுங்கள். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழலாம், சுவரில் கை ஊன்றித் தள்ளலாம், ஒற்றைக் காலில் நிற்கலாம். எதிலும் முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டக் கூடாது. பாக் நீரிணைப் பக்கம் கடல் அடங்கிக் கிடக்கும் நாட்களில், இடுப்பளவு தண்ணீரில் துணையோடு நடப்பது மிக நல்லது; நீர் உடல் எடையையும் தாங்கும், தசைக்கு வேலையும் கொடுக்கும். பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

எழுதும்போது பிள்ளைக்கு விரல் வலித்தால் பருமனான பென்சில் வாங்கிக் கொடுங்கள். அப்புறம், அந்தக் கட்டைவிரல் வித்தையை விருந்தாளிகள் முன்னால் செய்துகாட்டச் சொல்லாதீர்கள்.