நாவலுக்குச் சுருக்கம் எழுதிக் கொடுக்காதீர்கள்

பிளஸ் ஒன்னில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு நாவல் கொடுத்து வாசிக்கச் சொல்வது என் வழக்கம். முதல் வருடம் ஒரு தவறு செய்தேன். கெட்டிக்காரப் பிள்ளைகள்தானே என்று எடுத்த எடுப்பிலேயே சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) கொடுத்துவிட்டேன். எங்கள் பக்கத்து நாகர்கோவில்காரர் எழுதியதுதான், ஆனாலும் கதை என்று பற்றிக்கொள்ள எதுவும் அகப்படாமல் பிள்ளைகள் திணறினார்கள். உதவுவதாக நினைத்து நான்கு பக்கச் சுருக்கம் எழுதிக் கொடுத்தேன். அதோடு சரி, புத்தகத்தை யாரும் திறக்கவில்லை.

இப்போது ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவலில் தொடங்குகிறேன். 1964இல் வந்தது, பெரிய புத்தகமும் இல்லை. முதல் இரண்டு அத்தியாயங்களை வகுப்பில் சத்தமாக வாசிப்போம். புரியாத சொல்லுக்கு நான் பொருள் சொல்வதில்லை, வீட்டில் கேட்டு வரச் சொல்வேன். தக்கலைப் பக்கத்து மாணவி ஒருத்தி தன் பாட்டாவிடம் பனையேற்றம் பற்றிக் கேட்டிருக்கிறாள். முருக்குத்தடி எதற்கு, அக்கானி (பதநீர்) புளிக்காமலிருக்கக் கலயத்தில் எப்படிச் சுண்ணாம்பு தடவ வேண்டும் என்று ராத்திரி வெகுநேரம் சொன்னாராம். பாட்டா பனையேறியவர் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்புறம், பெரியவளானதும் கதாநாயகி லிஸியின் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கும் இடத்தை அவள்தான் வாசித்தாள். முடித்ததும் இன்னொருத்தி, “எங்க ஆச்சியையும் இப்படித்தான் நிறுத்தினாங்களாம், டீச்சர்” என்றாள். எந்த வினாத்தாளாலும் அந்தப் பேச்சை வரவழைத்திருக்க முடியாது.

அடுத்து தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. தேங்காய்ப்பட்டணத்துக்காரர். மலையாளமும் அரபும் கலந்த அந்தப் பேச்சு மற்றப் பிள்ளைகளுக்குக் கடினம் என்பதால், அது பழகிய பிள்ளை ஒருவரோடு சேர்த்து உட்கார வைப்பேன். பிறகு சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’. ஜே.ஜே. கடைசியில்தான்.

மதிப்பெண் போடுவதில்லை. எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய், ஏன் நிறுத்தினாய் என்று மட்டும் கேட்பேன்.

“நீட் பயிற்சி இருக்கும்போது இது எதுக்கு டீச்சர்?” என்று கேட்கும் பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இரவில் அரை மணி நேரம் விட்டுக்கொடுங்கள். பிள்ளை ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டு வந்தால், போனில் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிடாதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள்.