ஷொக்: வெறும் அதிர்ச்சி போதுமா?

மட்டக்களப்பில் கறண்ட் அடித்தாலும் 'ஷொக் அடிச்சிற்று' என்போம். இழவுச் செய்தி கேட்டு உறைந்துபோனவரையும் 'ஷொக்கில இருக்கார்' என்போம். டெங்கு வாட்டில் டொக்டர் 'பிள்ளை ஷொக்குக்குப் போகுது' என்றால் அது இவ்விரண்டும் அல்ல. உடற்கலங்களுக்குத் தேவையான ஒட்சிசனைக் குருதிச் சுற்றோட்டம் கொண்டுசேர்க்க முடியாமல் போகும் நிலை அது.

மோதல், இடி என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லே மூலம். லெ திரான் என்ற பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் துப்பாக்கிக் காயங்கள் பற்றி எழுதிய நூல் 1743இல் ஆங்கிலத்தில் வந்தபோது அது மருத்துவத்துக்குள் நுழைந்தது. கையில் பட்டி கட்டிக் குருதியமுக்கம் அளக்கும் கருவி அப்போது ஏது? குண்டு பட்ட உடம்பின் குலுக்கமே கண்ணுக்குத் தெரிந்தது; பெயரும் அதற்கே அமைந்தது.

தமிழில் இந்த ஷொக்கை 'அதிர்ச்சி' என்கிறோம். 'அதிர்' என்றால் நடுங்கு, முழங்கு. பறை அதிரும், நிலம் அதிரும். சுற்றோட்டம் படுத்த நோயாளியிடமோ முழக்கம் எதுவுமில்லை. குளிர்ந்து, வியர்த்து, சோர்ந்து கிடப்பார். 'அதிர்ச்சி' என்று மட்டும் சொன்னால், 'புள்ள எதையோ கண்டு பயந்திட்டு' என்று நூல் கட்டப் போகிறவர்களும் உண்டு.

மாரி மழையோடு நுளம்பு பெருகும் நம் பக்கத்தில் இந்தக் குழப்பம் ஆபத்தானது. டெங்குவில் பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் வேளையில்தான், குருதிக்குழாய்ச் சுவர் வழியே குருதியின் நீர்ப்பகுதியான திரவவிழையம் கசியும். வீட்டார் 'காய்ச்சல் விட்டிற்று' என்று ஆறுதல்படும் நேரம் அது. குருதியமுக்கத்தில் மேல் அமுக்கம் உடனே விழாது. கீழ் அமுக்கம் ஏறி இடைவெளி ஒடுங்கும். 100/80 என்றால் மேல் எண் நல்லதுபோலத் தெரியும், ஆனால் இடைவெளி 20தான், அதுவே ஷொக். பிள்ளை தெளிவாகக் கதைத்துக்கொண்டும் இருக்கலாம். விரல் நுனியை அழுத்தி விட்டால் சிவப்புத் திரும்ப 2 செக்கனுக்கு மேல் எடுத்தாலோ, கைகால் குளிர்ந்தாலோ, விடாத வயிற்றுவலியும் வாந்தியும் வந்தாலோ, 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள். அஸ்பிரின், இபுப்ரொஃபென் வேண்டாம். சேலைனையும் அளந்தே ஏற்றுவார்கள். கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும்.

எல்லா ஷொக்கும் நீர் குறைந்து வருவதல்ல. மாரடைப்பில் இதயம் தள்ள முடியாமல் போகிறது. அங்கே சேலைனைக் கொட்டுவது கெடுதல். கிருமித் தொற்றில் குழாய்கள் விரிவதால் தொடக்கத்தில் கை சூடாகவே இருக்கலாம். குளவி கொட்டி ஒவ்வாமையால் வந்தால் முதல் மருந்து அட்ரினலின், பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில்.

'சுற்றோட்டத் தளர்வு' என்றால் பொருள் இன்னும் பொருந்தும்தான். ஆனால் 'டெங்கு அதிர்ச்சி' ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ஆகவே எழுத்தில் 'சுற்றோட்ட அதிர்ச்சி' என்று அடைமொழியோடு எழுதலாம். கட்டிலருகே நிற்கும் தாயிடம் அதுவும் வேண்டாம்: 'ரத்த ஓட்டம் குறைஞ்சு போகுது அம்மா' என்றாலே விளங்கும்.