மூன்று முரசு வரை பொறுத்த படை

கி.மு. 684. இன்றைய சீனாவின் ஷான்டாங் பகுதியில், சாங்ஷாவ் என்ற இடத்தில் ச்சீ, லூ என்ற இரண்டு நாட்டுப் படைகள் எதிரெதிரே நின்றன. ச்சீ பெரிய நாடு, லூ சிறியது. ச்சீயின் முரசு முழங்கியதும் லூவின் அரசர் ஜுவாங்கும் தன் முரசை அடிக்க முனைந்தார். அவரோடு தேரில் நின்ற ட்ஸாவ் குய், "இப்போது வேண்டாம்" என்று தடுத்தார். எதிரி மூன்று முறை முரசடித்த பிறகுதான் "சரி, இப்போது" என்றார். ச்சீ படை தோற்றது.

அவர் சொன்ன காரணம் 'ட்ஸுவோ ஜுவான்' என்ற பழைய வரலாற்று நூலில் இருக்கிறது. போர் என்பதே துணிச்சல்தான்; முதல் முரசில் அது பொங்கும், இரண்டாவதில் தளரும், மூன்றாவதில் வற்றிவிடும். அவர்களுடையது வற்றியபோது நம்முடையது நிறைந்திருந்தது. இதிலிருந்து பிறந்ததுதான் 'யீ கூ ட்ஸுவோ ச்சீ' என்ற நான்கெழுத்து மரபுத்தொடர். ஊக்கம் குன்றுவதற்குள் ஒரே மூச்சில் காரியத்தை முடிப்பதை இன்று சீனர்கள் இப்படிச் சொல்கிறார்கள்.

துணிச்சலை வீரனின் பிறவிக் குணமாகப் பார்க்காமல், ஏறி இறங்கும் ஒன்றாக ட்ஸாவ் குய் பார்த்ததுதான் எனக்கு வியப்பு. உடலும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆபத்தை உணர்ந்ததும் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினை விடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது, கல்லீரல் சர்க்கரையை இறக்கிவிடுகிறது. ஆனால் ரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கிவிடும். அதோடு, ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்டும் எதுவும் நடக்கவில்லை என்றால் மூளை அதைப் பொருட்படுத்துவதைக் குறைத்துக்கொள்கிறது. ச்சீ வீரர்களின் மூன்றாவது முரசுக்கும் இதுவே நேர்ந்திருக்க வேண்டும்.

வென்ற பிறகும் ட்ஸாவ் குய் அவசரப்படவில்லை. தேரிலிருந்து இறங்கி எதிரியின் சக்கரத் தடங்களைப் பார்த்தார். மறுபடி ஏறி அவர்களுடைய கொடிகளைப் பார்த்தார். தடங்கள் தாறுமாறாக இருந்தன, கொடிகள் சாய்ந்திருந்தன. ஓடுவதுபோல் நடித்துப் பதுங்கியிருக்கவில்லை என்று உறுதியான பிறகே துரத்தச் சொன்னார்.

சரி, எதிரியின் முரசு மூன்று முறை அதிரும்வரை லூ வீரர்கள் எப்படிக் கலையாமல் நின்றார்கள்? கதையின் தொடக்கத்தில் இதற்கு ஒரு குறிப்பு இருப்பதாக நினைக்கிறேன். எதை நம்பிப் போரிடப் போகிறீர்கள் என்று ட்ஸாவ் குய் அரசரிடம் கேட்கிறார். உணவையும் உடையையும் பகிர்வதாக அரசர் சொல்கிறார். அது மக்கள் எல்லோரையும் எட்டாது என்கிறார் இவர். தெய்வங்களுக்குப் படைப்பதில் பொய் சொல்வதில்லை என்கிறார் அரசர். அதுவும் போதாது. கடைசியில் அரசர், "சிறிதோ பெரிதோ, வழக்குகளை உண்மை பார்த்தே தீர்க்கிறேன்" என்றார். இதை நம்பிப் போருக்குப் போகலாம் என்றார் ட்ஸாவ் குய்.