மேம்பாலத்தில் பாதி வழி

எங்கள் பகுதியில் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ஒரு ரயில்வே மேம்பாலம் இருக்கிறது. ஒருநாள் அதில் ஏறிக்கொண்டே அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பாதி ஏற்றத்தில் அவள் கேட்டாள்: "ஏன்டா, யாராவது துரத்துறாங்களா?" யாரும் துரத்தவில்லை. 'கத்தரிக்காய்' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு முறை மூச்சு இழுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

உடற்பயிற்சி என்றாலே பிடிக்காத கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். ஜிம்முக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு பதினோரு நாள் போனவன். இதற்குச் சோம்பேறித்தனம் என்று ஊரே பேர் வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பாலத்தின் நடுவில் உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால், சோம்பேறித்தனத்தை விட ரத்தத்தின் வேதியியலுக்குத்தான் இதில் பங்கு அதிகம் என்று தோன்றுகிறது.

நிதானமாக நடக்கும்போது தசை செல்களில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, ஆக்சிஜனை வைத்துக் கொழுப்பையும் சர்க்கரையும் எரித்து வேண்டிய சக்தியைக் கொடுத்துவிடும். ஏற்றம் வந்ததும் தேவை கூடுகிறது. அப்போது சர்க்கரையை முழுதாக எரிக்காமல் பாதியிலேயே உடைத்துச் சக்தி எடுக்கும் குறுக்குவழியும் வேகம் பிடிக்கிறது. அதில் லாக்டேட் என்ற துணைப்பொருள் சேருகிறது. (மறுநாள் கால்வலிக்கு லாக்டேட்டைத் திட்டுகிறவர்கள் உண்டு. அது பாவம், ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்தை விட்டுப் போய்விடும். மறுநாள் வலி, பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தின் விளைவு. பாலம் ஏறுவதை விட இறங்குவதில்தான் அது அதிகம்.) லாக்டேட் சேரும்போது ரத்தம் கொஞ்சம் அமிலத்தன்மை பக்கம் சாய்கிறது. ரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் அதைச் சமன் செய்கிறது. சமையல் சோடாவில் எலுமிச்சை பிழிந்தால் பொங்குமே, அதே வேதிவினைதான். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. அதை வெளியே தள்ளுவதற்காக மூளை மூச்சை முடுக்கிவிடுகிறது.

இப்படி மூச்சு, வேலைக்கு ஏற்ற அளவைத் தாண்டித் திடீரென வேகமெடுக்கும் புள்ளிக்கு வென்டிலேட்டரி த்ரெஷோல்டு என்று பெயர். நாம் மூச்சு எல்லை என்று வைத்துக்கொள்வோம்.

இந்த எல்லைக்கும் 'பிடிக்கவில்லை' என்ற உணர்வுக்கும் உள்ள தொடர்பைத் துருவியவர் பன்டெலிமொன் எக்கெகாகிஸ் என்ற ஆய்வாளர். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நெடுநாள் இருந்தவர். அதற்கு முன் பெரும்பாலும் பயிற்சி முடிந்த பிறகுதான் "எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். முடிந்துவிட்டதே என்ற நிம்மதியில் யாரும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். இவர் டிரெட்மில்லில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டார். நல்லது என்றால் +5 வரை, மோசம் என்றால் -5 வரை ஒரு எண் சொல்ல வேண்டும். மூச்சு எல்லைக்குக் கீழே பெரும்பாலோருக்குச் சுகமாகவே இருந்தது. எல்லையை ஒட்டி ஆளுக்கு ஆள் மாறியது. நன்றாகத் தாண்டிய பிறகோ ஏறக்குறைய எல்லோருடைய எண்ணும் இறங்கியது. காதில் ஓடும் பாட்டு அதிகம் உதவுவதும் எல்லைக்கு இந்தப் பக்கம்தான். அந்தப் பக்கம் போய்விட்டால் நெஞ்சும் தொடையும் போடும் சத்தத்தில் எந்தப் பாட்டும் அவ்வளவாக எடுபடுவதில்லை.

கொடுமை என்னவென்றால், பழக்கமில்லாதவர்களுக்கு இந்த எல்லை மிகத் தாழ்வாக இருக்கிறது. அவர்களுடைய மொத்தத் திறனில் பாதியை ஒட்டியே வந்துவிடும். நீண்டதூர ஓட்டக்காரர்களுக்கு அது முக்கால் பங்கையும் தாண்டும். ஆக, பக்கத்துப் பக்கத்து டிரெட்மில்லில் ஒரே வேகத்தில் நடக்கிற இரண்டு பேரில் ஒருவர் உலாவப் போயிருக்கிறார், இன்னொருவர் தண்டனை அனுபவிக்கிறார். தண்டனை என்றதும் பள்ளிக்கூட மைதானம் ஞாபகம் வருகிறது. லேட்டாக வந்தால் மூன்று ரவுண்டு, ஹோம்வொர்க் செய்யவில்லை என்றால் ஐந்து ரவுண்டு. பத்து வயதில் ஓட்டத்தை நமக்கு இப்படி அறிமுகப்படுத்திவிட்டு, நாற்பது வயதில் ஏன் ஓட மாட்டேன் என்கிறாய் என்று கேட்கிறார்கள்.

சரி, அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வகத்தில் மூச்சை அளக்க மாட்டும் முகமூடியும் கருவியும் வேண்டாம், வாய் போதும். பேச்சு என்பது மூச்சை வெளியே விடும்போது நடக்கிற வேலை. ஒரு வாக்கியம் முடியும்வரை அடுத்த மூச்சைத் தள்ளிப்போட வேண்டும். எல்லையைத் தாண்டிவிட்டால் உடம்பு அந்த அவகாசத்தைத் தராது. அமெரிக்காவில் இதைச் சோதித்தவர்கள், பள்ளியில் சொல்லும் நாட்டு உறுதிமொழியை நடந்துகொண்டே சொல்லச் சொன்னார்கள். நமக்கும் ஒன்று இருக்கிறதே: "இந்தியா எனது நாடு. இந்தியர் அனைவரும் என் உடன் பிறந்தவர்கள்." இரண்டு வாக்கியத்தையும் சிரமமில்லாமல் சொல்ல முடிந்தால் எல்லைக்குக் கீழே இருக்கிறீர்கள். 'உடன்' என்று நிறுத்தி மூச்சு வாங்கினால் தாண்டியாகிவிட்டது. வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான். (நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் கதை வேறு. அதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்.)

இவ்வளவு மெதுவாகப் போனால் பலன் இருக்குமா என்பது நியாயமான சந்தேகம். லண்டனில் ஜெர்ரி மோரிஸும் உடன் பணிபுரிந்தவர்களும் 1953இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மாடி பஸ்களில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த டிரைவர்களை விட, டிக்கெட் கொடுக்க ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரு கண்டக்டர் ஒரு வேலைநாளில் 500 முதல் 750 படி ஏறினார். அவர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை, டிக்கெட் கிழித்தார்கள். டிரைவர்களுக்குக் கொடுத்த சீருடை பேன்ட்டின் இடுப்பளவும் பெரிதாக இருந்ததை மோரிஸே பிறகு கண்டுபிடித்து எழுதினார். அதாவது வேலையில் சேரும்போதே இரண்டு கூட்டமும் ஒன்றுபோல இல்லை. ஆகவே எல்லாப் புகழும் படிக்கட்டுக்கே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்குப் பின் வந்த எத்தனையோ ஆய்வுகளும் அந்தத் திசையையே காட்டின. உலக சுகாதார அமைப்பு 2020இல் சொன்ன கணக்கு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். மாடிப்படியும் மார்க்கெட்டும் கணக்கில் சேரும்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. 2016இல் வந்த ஓர் ஆய்வில், ஒரே அளவு சைக்கிள் பயிற்சியை ஒரு குழுவினர் லேசாகத் தொடங்கிக் கடினமாக முடித்தார்கள். மறு குழுவினர் கடினமாகத் தொடங்கி லேசாக முடித்தார்கள். பிந்தையவர்களுக்குத்தான் அது இனிமையாக இருந்தது, பின்னால் நினைத்துப் பார்த்தபோதும். கடைசி ரவுண்டில் உயிரை விட்டு ஓடச் சொல்கிற வழக்கத்துக்கு நேர் எதிர். இதைப் படித்த பிறகு பாலத்தைப் போகும்போது வைத்துக்கொண்டேன். வரும்போது பையைத் தூக்கிக்கொண்டு சுரங்கப்பாதை வழியாக, ஆற அமர.

எல்லை அங்கேயே நிற்பதும் இல்லை. சில வாரங்கள் தொடர்ந்து நடந்தால் தசையில் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது, நுண்ணிய ரத்தக்குழாய்களும் கூடுகின்றன, லாக்டேட் சேருவது தள்ளிப்போகிறது. என் எல்லை முதலில் பாலத்தின் மூன்றாவது விளக்குக் கம்பத்தில் இருந்தது. ஒரு மாதம் கழித்து ஐந்தாவது. நடுவில் மழையில் பத்து நாள் விட்டுவிட்டேன், மறுபடி நான்காவதுக்கு வந்துவிட்டது.

போன வாரம் பாலம் ஏறிக்கொண்டே அக்காவிடம் பேசினேன். மாமியார் வீட்டுக் கதை, கறிவேப்பிலையைக் கூட இப்போது காசுக்கு விற்கிறார்கள் என்ற புலம்பல், எல்லாம் முடிந்தது. "சரி, நீ எப்போ கிளம்பப் போற?" என்று கேட்டாள். நான் உச்சிக்கு வந்திருந்தேன்.