அம்மாவின் சேலையில் ஒரு பொம்மை: கத்தரி எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இறந்துபோன அம்மாவின், பாட்டியின் சேலைகளை என்ன செய்வது என்ற கேள்வி சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் சீக்கிரமே எழுந்துவிடுகிறது. வீட்டில் இடம் குறைவு. கட்டிக்கொள்ளவும் மனம் வராது, யாருக்காவது கொடுத்துவிடவும் மனம் வராது. அவற்றில் ஒன்றை எடுத்துக் கையால் ஒரு துணிப் பொம்மை தைப்பது, துக்கத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் அடிக்கடி சொல்லும் யோசனை. இதைச் சிகிச்சை என்று நாங்கள் சொல்வதில்லை. கலைவழிச் சிகிச்சைக்கு லாசால் கலைக் கல்லூரியில் முதுகலைப் படிப்பே இருக்கிறது. சமூக மன்றத்துத் தையல் வகுப்பு அதற்கு ஈடாகாது. ஆனால் கண் துணியில் இருக்கும்போது, நேருக்கு நேர் உட்கார்ந்தால் வராத பேச்சு வரும். அதுவே பெரிய உதவி.

இந்த வேலையில் கை தயங்கும் இடங்கள் மூன்று: வெட்டுவது, பஞ்சு அடைப்பது, முகம் வைப்பது.

காரியம் முடிந்த கையோடு சேலையை வெட்ட உட்காராதீர்கள். வெட்டிய துணியைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அக்காவோ தம்பியோ அதே சேலையை மனதில் வைத்திருக்கலாம். கூடப் பிறந்தவர்களிடம் கேட்டுவிட்டு, முழுச் சேலையையும் விரித்துப் படமெடுத்த பிறகே கத்தரியைத் தொடுங்கள். உண்மையில் தேவைப்படும் துணி மிகக் கொஞ்சம். 40 செ.மீ. உயரப் பொம்மையின் உடம்பைச் சாதாரண காடாத் துணியில் (வெளுக்காத பருத்தித் துணி) தைத்து, உடுப்பை மட்டும் சேலையில் செய்தால், ஐந்தரை மீட்டரில் 60 செ.மீ. போதும். அதையும் முந்தானையில் எடுக்காமல், இடுப்பில் செருகும் உள்முனையிலிருந்து எடுங்கள். மீதிச் சேலை சேலையாகவே இருக்கும், முந்தானை முழுசாக நிற்கும். உடம்பையே சேலையில் செய்யலாமே என்று பலர் ஆசைப்படுவார்கள். வேண்டாம். பழைய துணி பஞ்சின் இறுக்கத்தைத் தாங்காமல் தையலோரம் கிழியும்.

வெட்டும் முன் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இற்றுப்போன இடம் சல்லடையாகத் தெரியும். பட்டுச் சேலை பெரும்பாலும் மடிப்பில்தான் விட்டுப்போகும், மடிப்பைத் தவிர்த்து வெட்ட வேண்டும். வாய்ல் போன்ற மெல்லிய துணிக்குப் பின்னால் லைனிங் கொடுங்கள். பட்டுக்குக் குறைந்த சூடு. சரிகை மேல் இஸ்திரிப் பெட்டியை நேரே வைக்காமல் நடுவில் ஒரு பருத்தித் துணியைப் போடுங்கள். துவைப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். துவைத்தால் அவருடைய வாசனை போய்விடும், துவைக்காவிட்டால் பழைய வியர்வைக் கறை துணியை மெல்ல அரிக்கும். வாசனைதான் முக்கியம் என்பவர்கள் ஒரு சிறு துண்டை மட்டும் துவைக்காமல் தனியே மூடிவைக்கலாம்.

காடாத் துணி அரை மீட்டர் வேண்டும். அராப் ஸ்திரீட்டிலோ பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் துணிக்கடைகளிலோ வாங்கலாம். அதைக் கட்டாயம் நனைத்துக் காயவைத்துவிடுங்கள், சுருங்கும். துணியை இரண்டாக மடித்து, பாவு நூல் (துணியின் நீளவாக்கில் ஓடும் இழை) பொம்மையின் உயரத்தோடு போகும்படி வடிவத்தை வரைந்து, வரைந்த கோட்டின் மேலேயே முதலில் தையுங்கள். அதன்பிறகுதான் அரை செ.மீ. ஓரம் விட்டு வெட்ட வேண்டும். முதலில் வெட்டிவிட்டுத் தைத்தால் சின்ன வளைவுகளில் துணி நழுவி ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் வரும். தையல் 2 மி.மீ. அளவில் நெருக்கமாக இருக்கட்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பவும் பஞ்சு அடைக்கவும் முதுகில் 6 செ.மீ. திறப்பு விடுங்கள். கழுத்து, கவட்டை வளைவுகளில் தையலுக்கு 1 மி.மீ. முன்வரை கத்தரியால் கொத்திவிடாவிட்டால் திருப்பும்போது அங்கெல்லாம் சுருக்கம் விழும். விரல்கள் தனித்தனியாக வேண்டாம். கட்டைவிரல் மட்டும் பிரிந்த கையே முதல் பொம்மைக்குப் போதும்.

பஞ்சு அடைப்பதை விளையாட்டு வேலை என்று நினைக்கிறார்கள். 40 செ.மீ. பொம்மை சுமார் 200 கிராம் பஞ்சை விழுங்கும், பாதியில் கை வலிக்கும். மூட்டுவலி உள்ளவர்கள் கால் மணிக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். இலவம் பஞ்சு தொட நன்றாக இருந்தாலும் இங்கே பாலியெஸ்டர் பஞ்சுதான் நல்லது: சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது, இலவம் பஞ்சு பூசணம் பிடிக்கலாம், தூசியும் பறக்கும். பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துச் சிறிதாக வைத்து, சாப்பிடும் குச்சியின் மழுங்கிய முனையால் தள்ளுங்கள். ஒரு உருண்டையாகத் திணித்தால் தோல் மேல் கட்டி கட்டியாகத் தெரியும். எல்லாருக்கும் கழுத்து தொங்குவது அங்கே பஞ்சு மெலிவதால்தான். பஞ்சு சுற்றிய ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைப் பாதி தலையிலும் பாதி மார்பிலும் இருக்கும்படி வைத்தால் தலை நிமிரும். அழுகை பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் வருகிறது. தட்டையாக இருந்தது உருவம் எடுக்கும் நேரம் அது. நிறுத்திவிட்டு அடுத்த வாரம் தொடருங்கள், பொம்மை எங்கும் போகாது.

சிற்பிகள் கண் திறப்பதைக் கடைசியில் வைப்பதுபோல நாமும் முகத்தைக் கடைசிக்கு விடுகிறோம். தொழில் காரணமும் உண்டு: பஞ்சு அடைத்ததும் துணி இழுபட்டு, முன்பே வரைந்த முகம் கோணிப்போகும். கண்கள் தலையின் பாதி உயரத்தில் வர வேண்டும். புதியவர்கள் எல்லாரும் மேலே ஏற்றிவிடுவார்கள். தண்ணீரில் அழியும் பேனாவால் குறித்திருந்தால், ஈரத்துணியால் அழிக்கும் முன் சூடு காட்டாதீர்கள், மை நிலைத்துவிடும். ஆறிழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்துத் தைத்தால் கோடு மெலிதாக இருக்கும். முக்கியமாக, அம்மாவின் முகத்தைக் கொண்டுவர முயலாதீர்கள். நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்களே இதில்தான் மனமுடைகிறார்கள். இரண்டு சிறு கண்கள் போதும். வெறுமையாக விட்டாலும் குறையில்லை.

சகோதரிக்கு ஆச்சரியப் பரிசாகச் செய்து கையில் திணிக்காதீர்கள். அவர் இன்னும் தயாராக இல்லாமல் இருக்கலாம். மூன்று வயதுக்குக் குறைந்த பேரப்பிள்ளைக்கு என்றால் பொத்தான், மணி எதுவும் வேண்டாம், கண்ணை நூலிலேயே தையுங்கள். குண்டூசிகளை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தால் பொம்மையைப் பிரித்தே ஆக வேண்டும். முதுமை மறதி உள்ளவர் அதைக் குழந்தை என்று எடுத்துக்கொண்டால் திருத்தவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் போய்விட்டால், பொம்மையைக் கீழே வைக்க முடியவில்லை என்றால், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் அன்றே சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் அழையுங்கள்; 24 மணி நேரமும் எடுப்பார்கள். தேசிய மனநல உதவி எண் 1771.